கூடுதல் ஒரு மணி நேரம்

கல்யாண மண்டபத்துப் பந்தியில் நான் எப்போதுமே கடைசி ஆள். என் கண்ணுக்கு நேர் எதிரே இருப்பது மட்டும்தான் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. ஒரு முழு இலையை நான் தவணை முறையில்தான் பார்க்க முடியும். சோறு தெரிந்தால் பொரியல் தெரியாது. பொரியலைக் கண்டுபிடித்தால் பாயாசத்தை எந்தப் பக்கம் ஊற்றினார்கள் என்று தெரியாது. விரலால் தடவித் தேடினால் பார்க்கிறவர்கள் ஏதாவது கேட்பார்கள். அதனால் தலையை மெல்லத் திருப்பித் திருப்பிச் சாப்பிடுவேன். அதற்குள் வரிசையில் எல்லோரும் முடித்திருப்பார்கள். பந்தியில் ஒருவர் சாப்பிடும்போது மற்றவர்கள் எழுந்து போவது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. ஒருவருக்காக அத்தனை பேரையும் எச்சில் கையோடு உட்கார வைப்பது அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு. நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வேறு வந்து நின்றுவிடுவார்கள்.

"இலையை மூடிரு கண்ணு, எல்லாரும் காத்துட்டிருக்காங்க" என்று அம்மா என் காதருகே சொல்வார். நான் மூடிவிடுவேன். பாதிச் சோறு உள்ளே கிடக்கும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

பிளஸ் ஒன் படிக்கும்போதுதான் டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டு வருகிறது, மருந்து கிடையாது, நடுவில் இருப்பதும் ஒருநாள் போய்விடலாம் என்றார். பொழுது சாய்ந்தால் எனக்கு இருக்கிற பார்வையும் இல்லை என்பதற்கும் அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. அப்பா கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவர். மாற்றுத்திறனாளி அட்டை வாங்க என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"யாருக்கும் தெரிய வேண்டாம் கண்ணு. நாளைக்கு ஒரு மாப்பிள்ளை எடம் பாக்கணும்னா அதுவே பேச்சாயிரும்."

சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் அது கட்டம் கட்டமாக இருக்கும். இடது ஓரத்தில் ஒரு வரியைப் படித்து, அதற்கு நேரான தொகையைத் தேடி வலது ஓரத்துக்குப் போவதற்குள் வரி மாறிவிடும். மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். மற்றவர்கள் மூன்று மணி நேரத்தில் எழுதுவதற்கு எனக்கு நான்கு மணி நேரம் வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தர விதி இருக்கிறது என்பதை நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டு துறைத்தலைவரிடம் போனேன்.

"அதுக்கென்ன கண்ணு, பண்ணிக்கலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். முடியாது என்றால் சண்டையாவது போடலாம். இந்தப் 'பண்ணிக்கலாம்'மை என்ன செய்வது? ஒவ்வொரு செமஸ்டரும் போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் உட்காரச் சொல்லி, சாப்பிட்டாச்சா என்று கேட்டு, பண்ணிக்கலாம் என்று அனுப்பி வைத்தார். மற்ற பேப்பர்களை மூன்று மணி நேரத்துக்குள் அரையும் குறையுமாக எழுதி ஒப்பேற்றினேன். கடைசி செமஸ்டரில்தான் அனுமதி வந்தது. அப்போது நான் எழுத மிச்சமிருந்தது மேலாண்மைக் கணக்கியல் பேப்பர் ஒன்றுதான், அதிலிருந்தது முழுக்கக் கட்டங்கள்தான்.

அந்தப் பேப்பரில் நான் தேறியே ஆக வேண்டும். டிகிரி இருந்தால் வங்கித் தேர்வு எழுதலாம். பார்வை முழுதும் போவதற்குள் சொந்தக் காலில் நின்றுவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. அப்பாவோ கணக்கை வேறு மாதிரி போட்டு வைத்திருந்தார். "அரியர் ஒண்ணு உளுந்தாலும் அதோட படிப்ப நிறுத்திக்கலாம் கண்ணு, கண்ணைப் போட்டு வருத்திக்காத" என்று முன்பே சொல்லியிருந்தார்.

தேர்வு மதியம் இரண்டு மணிக்கு. ஐந்துக்கு எல்லோரும் முடிப்பார்கள், நான் ஆறுக்கு. கல்லூரி பஸ் ஐந்தேகாலுக்குக் கிளம்பிவிடும். ஆறு மணிக்கு மேல் காந்திபுரம் போய் பஸ் மாறி ஊர் சேர்வதற்குள் இருட்டிவிடும், இருட்டில் நான் ஓரடி எடுத்து வைக்க முடியாது. கண்ணுக்காகக் கொடுத்த ஒரு மணி நேரம் என் வெளிச்சத்திலிருந்துதான் போகிறது என்பதை விதி எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு மட்டும் வந்து கூட்டிப்போகச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன்.

"நான் வந்து நின்னா எதுக்கு வந்தீங்கன்னு நாலு பேரு கேப்பாங்க. பஸ்ஸுலயே வந்துரு கண்ணு."

எனக்கென்று ஒதுக்கிய அறை பஸ் நிறுத்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில், உடைந்த பெஞ்சுகள் போட்டு வைக்கும் இடம். ஒரு டியூப் லைட்டைப் புதிதாக மாட்டியிருந்தார்கள், அதற்கு நன்றி. கண்காணிப்புக்கு வந்த மேடமும் எங்கள் பஸ்ஸில் வருகிறவர்தான். வீட்டில் கைக்குழந்தை. எனக்காக அவரும் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று அவருக்கு அன்று மதியம்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா, ஃபேனைக் கூட்டட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கும்போதெல்லாம் அவர் கை மணிக்கட்டிலிருந்த வாட்சுக்குப் போவது என் சின்ன வட்டத்துக்குள் துல்லியமாகத் தெரிந்தது.

ஐந்து மணி அடித்தபோது எனக்கு இரண்டு பெரிய கணக்குகள் பாக்கி. பட்ஜெட் கணக்கில் பாதியில் இருந்தேன்.

"நீங்க நிதானமா எழுதுங்க கண்ணு, ஆறு வரைக்கும் இருக்குதுங்க" என்றார் மேடம். "பஸ்ஸை மட்டும் நமக்காகக் கொஞ்சம் நிக்கச் சொல்லியிருக்கேன்."

அதோடு என் கை நின்றுவிட்டது. அவர் நல்லது நினைத்துத்தான் செய்தார், அதுதான் கொடுமை. சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் நிறையப் பிள்ளைகள். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், எதற்காக என்று தெரியாது. நான் சொன்னதில்லை, சொல்லக் கூடாது. ஒரு வரி எழுதினேன். ஹாரன் ஒரு முறை அடித்தது, அதுவும் மரியாதையாகச் சின்னதாக. இன்னொரு வரியில் தொகையைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது டிரைவர் அண்ணன் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏனுங்க மேடம், இன்னும் நேரமாகுங்களா? புள்ளைங்க எல்லாம் உக்காந்திருக்குதுங்க."

"எழுதிட்டிருக்குதுங்க, பாவம்" என்றார் மேடம்.

"முடிஞ்சுருச்சுங்க மேடம்" என்று நான் சொன்னேன். எழுதாத பக்கங்களோடு விடைத்தாளை மூடி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பஸ்ஸில் ஏறியதும் ஒருத்தி, "உள்ள தூங்கிட்டியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

தேர்வு முடிவில் அந்த ஒரு பேப்பர் போயிருந்தது. துறைத்தலைவரிடம் ஓடினேன். உட்காரச் சொன்னார்.

"நாங்க நேரம் குடுத்தமே கண்ணு. நீங்கதான் முடிஞ்சுதுன்னு முன்னாடியே குடுத்துட்டீங்களாமா. கேட்டு வாங்கறது, அப்பறம் வேண்டாங்கறது, இப்படி இருந்தா அடுத்த தடவை மேலிடத்துல எப்படிங்க கேக்கறது?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

அரியர் எழுதக் கட்ட வேண்டிய பணத்தை அப்பாவிடம் கேட்டபோது, "பாக்கலாம் கண்ணு" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கட்ட வேண்டிய தேதி போனது, அடுத்ததும் போனது. அதற்குள் பவானிப் பக்கம் ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் என் பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு வருவார்களாம், தற்செயலாக என்னைப் பார்ப்பார்களாம்.

மண்டபத்தில் அந்த மாப்பிள்ளைப் பையனின் அம்மா உட்கார்ந்த வரிசைக்கு எதிரிலேயே எங்களுக்கு இடம் போட்டார்கள். "தலையைத் திருப்பித் திருப்பிப் பாக்காத. நேரா இருக்கறத மட்டும் சாப்பிடு" என்று அம்மா சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் அப்படித்தான் சாப்பிட்டேன். சோறு, வெறும் சோறு. பக்கத்தில் அப்பா முடித்துவிட்டார், எதிர் வரிசையும் முடித்துவிட்டது. அம்மாவின் கை என் தோளில் விழுந்தது.

"இலையை மூடிரு கண்ணு."

இலையின் மேல் பாதியை மடிக்கக் கையைக் கொண்டுபோனேன். விரலில் அன்றைக்கு மூடிக் கொடுத்த விடைத்தாளின் ஞாபகம் வந்தது. அந்தப் பாதிக் கணக்கை எப்படி முடிப்பது என்று எனக்கு அப்போதும் தெரிந்திருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நின்ற யாரோ ஒரு அம்மா குனிந்து, "ஆச்சுங்களா அம்மணி?" என்று கேட்டார்.

"இல்லீங்க, நேரமாகும்" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. "எனக்குப் பார்வை சரியா இல்லீங்க. பக்கத்துல இருக்கறது தெரியாது. தேடித்தான் சாப்பிடணும்."

எதிர் வரிசையில் பேச்சு நின்றது. அம்மாவின் கை தோளிலிருந்து போய்விட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தேன், அப்பா மூடி வைத்த தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எழவில்லை. எங்கள் பக்கத்தில் அது மரியாதையில்லை. அத்தனை பேரும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருக்க, நான் விரலால் இலையைத் தடவிப் பொரியலைக் கண்டுபிடித்துச் சாப்பிட ஆரம்பித்தேன்.