படகு விசிறி

என் கணவர் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். லீவு நாட்களில் ரிமோட்டில் ஓடும் சின்னப் படகுகளைச் செய்து, எங்கள் செம்பனை எஸ்டேட்டின் பின்னால் உள்ள குளத்தில் விடுவார். மறதி நோய் வந்ததும் அவர் வேலை போயிற்று. நீலாயில் இருந்த என் வேலையை நானும் விட்டேன். ஒருமுறை அவர் வீட்டை விட்டு இறங்கி பக்கத்து டவுனான மந்தின் வரை நடந்தே போய்விட்டார். அங்கே தெரிந்த சாப்பாட்டுக்கடைக்காரர் ஒருவர் உட்காரவைத்து எனக்குப் போன் செய்தார். அன்றிலிருந்து கேட்டுக்குப் பூட்டு. சாவி என் தாலிக்கொடியில்.

அவரை ஒரே இடத்தில் உட்காரவைத்தது ஒரு வேலைதான். படகின் பின்னால் தண்ணீரைத் தள்ளும் பித்தளை விசிறி. இரண்டே இதழ்கள். ஓர் இதழ் மற்றதைவிடக் கனமாக இருந்தால் படகு ஓடும்போது உதறும், உள்ளே தண்ணீர் ஏறும். அதனால் விசிறியை மெல்லிய கம்பியில் கோத்து, நிமிர்த்தி வைத்த இரண்டு தகடுகளின் விளிம்பில் கிடத்துவார். கனமான இதழ் கீழே இறங்கும். அதன் முதுகை அரத்தால் லேசாக ராவுவார். மறுபடி கிடத்துவார். எப்படித் திருப்பி விட்டாலும் அது அப்படியே நிற்கும் வரை.

"பாரு, எங்க வுட்டாலும் நிக்குது."

"நல்லா வந்துருச்சிங்க. படகுல மாட்டிருங்க."

"ஆமா, ஆமா." ஸ்பானரைத் தேடிக் கை நீளும். அதற்குள் எதைத் தேடினோம் என்பது மறந்துவிடும். கையில் விசிறி இருக்கும், எதிரில் அரம் இருக்கும். ராவ ஆரம்பிப்பார். இப்போது அடுத்த இதழ் கனம்.

காலை முதல் மாலை வரை இதுதான். நான் எழுந்தால் அவரும் எழுந்துவிடுவார், அதனால் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். சிரம்பானில் இருக்கும் தங்கை, "ஒரு நாளாச்சும் வந்துட்டுப் போக்கா லா" என்பாள். அரத்தின் சத்தம் போனில் அவளுக்கும் கேட்கும். ஒருநாள் பொறுக்காமல் அரத்தை ஒளித்து வைத்தேன். அவர் குனிந்து விசிறியைச் சிமெண்டுத் தரையில் தேய்த்தார். விரல் நுனியில் ரத்தம் வந்தது. நானே அரத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

போன மாதம் ஒரு பிற்பகல், விசிறி அசையாமல் நின்ற நேரம் பார்த்து அதை எடுத்துவிட்டேன்.

"குடு! இன்னும் முடியல!"

"முடிஞ்சிருச்சி. வாங்க, குளத்துக்குப் போவோம்."

அவர் திட்டத் திட்ட, நானே படகில் மாட்டி நட்டை முறுக்கினேன்.

குளக்கரையில் ரிமோட்டைக் கையில் கொடுத்ததும் திட்டு நின்றது. படகு உதறாமல் நேராகப் போனது. அவர் அதை வளைத்தார், திருப்பினார். என்னைத் தேடாமல் அவர் நின்று பல மாதமாகியிருந்தது. செம்பனை மரங்களுக்கு அப்பால் ரோட்டில் பஸ் வரும் சத்தம் கேட்டது. என் கால்கள் நடந்தன. கையில் பை கூட இல்லை. எங்கே போகிறேன் என்றும் யோசிக்கவில்லை. மண்பாதையில் பாதித் தூரம் போயிருப்பேன்.

"இந்தா! பெட்டரி முடிஞ்சிருச்சி!"

திரும்பினேன். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் படகு நின்றிருந்தது. அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கியிருந்தார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன். அவரை விட்டுவிட்டு ஆள் கூப்பிடப் போக முடியாது, வெளியே இழுக்கவும் எனக்குப் பலமில்லை. அப்படியே நின்றோம். பக்கத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் பார்த்துவிட்டு வந்து, தன் நீண்ட அரிவாள் கம்பால் படகை இழுத்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் இவர் கரையேறினார்.

"நீ எங்க போன?" என்றார் வழியில்.

"பஸ்ஸ பாக்க."

"வந்துச்சா?"

"வந்துச்சி. போயிருச்சி."

சரி என்பதுபோல் தலையாட்டினார். மறுநாளும் மழை இல்லை. படகை எடுத்துக்கொண்டு போனோம். அவர் ஓட்டி முடிக்கும் வரை சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.