கை நனைக்கப் போன வழியில் ஒரு பேட்டரி

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு விழுப்புரத்தில், எங்கள் தெருவில், கார் சாவியைத் திருப்பினேன். டக், டக், டக். அவ்வளவுதான். பின் இருக்கையில் பழத்தட்டும் பூவும். முன்னால் மடிப்புக் கலையாத வேட்டியில் சித்தப்பா.

"இன்னாம்மா சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல சித்தப்பா."

ஒன்றுமில்லையாவது! போகிற காரியம் அப்படி. என் தங்கை கவிதாவுக்குத் திண்டிவனத்தில் வரன் வந்திருந்தது. அவர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் மனம் ஒத்தால் அங்கே கை நனைப்போம், அதாவது உட்கார்ந்து சாப்பிடுவோம். சாப்பிட்டால் சம்மதம். பேச்சோடு அனுப்பி வைத்தால் கதை முடிந்தது. அம்மா அப்பா இல்லாத வீடு, எங்கள் பக்கம் போக நாங்கள் இரண்டு பேர்தான்.

இதற்கு முன் வந்த ஓர் இடம் தட்டு மாற்றும் நேரத்தில் கரண்ட் போனதற்காகவே கைவிட்டுப் போனது. சகுனம் சரியில்லையாம். அதன் பிறகு கவிதா ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டு வாசலில் என் கார் மக்கர் பண்ணினால்?

பானெட்டைத் திறந்தேன். பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வகத்தில் வேலை என்பதால் மல்டிமீட்டர் ஒன்று வீட்டிலேயே கிடக்கும். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது பன்னிரண்டரை வோல்ட் காட்ட வேண்டும். இது பத்தரை காட்டியது. முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்தேன். அப்படியும் அதே டக் டக். எதிர்வீட்டுக்காரர்கள் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் உறுமிக் கிளம்பியது. வண்டி ஓடும்போது அளந்தால் பதினாலு. அப்பாடா, சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பிழைத்திருக்கிறது. செத்தது பேட்டரி மட்டும்தான்.

"வூட்டாண்டயே தள்ற மாதிரி ஆயிடுச்சேம்மா," என்றார் சித்தப்பா. "அங்க வாயத் தொறக்காத. மூச்சு வுடக் கூடாது."

திண்டிவனம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் வண்டி இரண்டு முறை குலுங்கியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. முன்னால் நின்ற லாரியை மனதாரத் திட்டினேன். சித்தப்பா கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

திண்டிவனம் ஊருக்குள் நுழையும் முன் சாலையோர டீக்கடை ஒன்றில் ஒதுங்கினோம். மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னிரண்டு வரை. அதுவரை மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்க முடியாது. எனக்கு அது போதும். ஊருக்குள் பானெட்டைத் திறந்தால் அவர்கள் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள், மெக்கானிக்கைக் கூப்பிடவோ கையில் காசில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை அணைத்தேன். இனி தானாகக் கிளம்பாது.

"ராகு காலத்துல புது சாமான் மாட்டக் கூடாதும்மா."

"பழசக் கழட்டலாம் இல்ல?"

யோசித்தார். "கழட்டலாம்."

முதலில் கறுப்பு வயர், அப்புறம் சிவப்பு. மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பட்டுப் பொறி பறக்கும். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பத்து கிலோ கனத்தை வெளியே எடுத்து, ஷேர் ஆட்டோவில் மடியருகே வைத்துக்கொண்டு ஊருக்குள் இருந்த பேட்டரிக் கடைக்குப் போனேன். பழசைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள்.

"புதுசு நாலாயிரத்து இருநூறுங்க. பழசுக்கு எழுநூறு போவும்," என்றார் கடைக்காரர்.

"கொறச்சலா இன்னா இருக்கு?"

"சின்னது ஒண்ணு இருக்குது. உங்க வண்டிக்குத் தாங்காது. இதுலயே வாரண்டி கம்மியா எடுத்துக்கினா, பழசு போவ மூவாயிரத்து முந்நூறு குடுங்க போதும்."

பழத்துக்கும் பூவுக்கும் போக என்னிடம் இருந்தது மூவாயிரத்து ஐந்நூறு. ஆட்டோவுக்கும் திரும்பும் வழியில் சுங்கத்துக்கும் மிஞ்ச வேண்டும். வாரண்டி குறைந்தால் குறையட்டும் என்று வாங்கினேன். பிளஸ் எந்தப் பக்கம் என்று மட்டும் பழசோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

டீக்கடைக்குத் திரும்பிக் காத்திருந்தேன். பன்னிரண்டு அடித்ததும் சித்தப்பா தலையாட்டினார். இப்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது! சித்தப்பா பேட்டரிக்குக் குங்குமம் வைக்கப் போனார். முனையில் மட்டும் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

டீக்கடை சோப்பில் எவ்வளவு தேய்த்தும் கையில் கறை போகவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் நல்ல வரவேற்பு. வீடு பார்த்தோம், மாட்டுக்கொட்டகை, மோட்டார் கொட்டகை எல்லாம் பார்த்தோம். ஆனால் இலை போடுகிற பேச்சு மட்டும் வரவில்லை. கடைசியில், கொட்டகை மிதித்து வந்ததற்குக் கைகால் கழுவ, மாப்பிள்ளையின் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். என் கையிலிருந்து தண்ணீர் கறுப்பாக வழிந்தது.

"கையில இன்னாம்மா?"

"மருதாணிங்க," என்றார் சித்தப்பா, பட்டென்று. "கொஞ்சம் ஜாஸ்தி ஊறிடுச்சு."

பாவி மனுஷன்! மருதாணி மசி மாதிரி வழியுமா? அந்த அம்மா என் நகங்களையே பார்த்தார். ஒரு பொய்யில் ஆரம்பிக்கிற சம்பந்தம் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. "பேட்டரி செத்துப்போச்சுங்க. வழியில நானே மாத்திக்கினு வந்தேன்."

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். கவிதாவின் முகம் என் கண் முன்னால் வந்து போனது.

"நீயேவா?"

"ஆமாங்க."

அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "இலையப் போடுங்க ஜல்தி!" பிறகு என்னிடம், "எங்க மோட்டார் நின்னுபோச்சுன்னா இந்த வூட்டு ஆம்பளைங்க மூணு பேரும் என் மூஞ்சியப் பாத்துக்கினு நிப்பாங்கம்மா. உன் தங்கச்சிக்கும் இதெல்லாம் வருமா?"

கவிதாவுக்கு டார்ச் லைட்டுக்கு பேட்டரி போடக்கூடத் தெரியாது.

"என்னவிட நல்லா செய்வாளுங்க," என்றேன்.

மூன்று மணிக்கு விடைபெற்றோம். அவர்கள் எல்லோரும் வாசலில் நிற்க, வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. தெருமுனையில் நிறுத்தி ஃபோனை எடுத்தேன். முதல் மணியிலேயே கவிதா எடுத்துவிட்டாள்.

"சாப்ட்டியாக்கா?"

"சாப்ட்டேன்டி. பாயசம் ரெண்டு தடவ."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அழுவுறத அப்புறம் வெச்சுக்க," என்றேன். "வந்ததும் பானெட்ட எப்படித் தொறக்கறதுன்னு காட்டறேன். உன் மாமியார் கேப்பாங்க."