எந்த வீட்டு விருந்தாளி

என் அத்தை எங்கள் வீட்டில் மூன்று மாதம் இருந்தாள். அந்த மூன்று மாதத்துக்காக இந்த வயதிலும் சில நாள் விடியும்போது மனசு ஏங்குகிறது. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்கு மாடு, கன்று, கைக்குழந்தை என்று ஓயாத வேலை. என் தலையைக் கவனிக்க அவளுக்கு நேரம் ஏது? அத்தை வந்த பிறகுதான் என் தலைக்கும் ஓர் ஆள் கிடைத்தது. எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இழுத்துச் சடை பின்னிவிட்டு, "இப்பத்தான் சாமி புள்ளையாட்ட இருக்கறே" என்பாள். அதைக் கேட்பதற்காகவே நான் காலையில் சடையைக் கலைத்துக்கொண்டு எழுவேன்.

அவள் வந்தது சண்டையால். பொங்கலுக்குச் சீர் கொண்டுபோன அப்பாவை, அவள் புகுந்த வீட்டு வாசலில் ஒருவரும் "வாங்க" என்று கேட்கவில்லை. மாமா அந்நேரம் களத்தில் இருந்தாராம். மாமாவின் அண்ணன் பார்த்தும் பார்க்காதவர் போல மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாராம். எங்கள் பக்கத்தில் வெட்டுக்குத்தைக்கூட மறந்துவிடுவார்கள்; "வாங்க" சொல்லாததை மறக்க மாட்டார்கள். அப்பா சீர்க்கூடையை இறக்காமலே தங்கையை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். வீட்டில் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம்.

எங்கள் ஊர் வெண்ணந்தூருக்குப் பக்கம். ஊரைவிட ஏரி பெரியது. அதில் மீன் பிடிப்பதற்குச் சட்டங்கள் உண்டு. போட்டவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. மீறியவர் யாரென்று ஊருக்கே தெரியும். வலை வருஷத்துக்கு ஒரு நாள்தான்; சித்திரையில் தண்ணீர் வற்றியதும் ஊரே சேர்ந்து இறங்கும். மற்றபடி தூண்டில் மட்டும், அதுவும் ஆளுக்கு ஒன்று. குஞ்சுக் கூட்டத்தோடு திரிகிற விராலுக்குத் தூண்டிலைக் காட்டவே கூடாது. வெளியூர்க்காரர் என்றால், உள்ளூரில் ஒரு வீட்டார் "எங்கள் விருந்தாளி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன வீட்டில்தான் அவர் பிடித்த மீனைச் சமைக்க வேண்டும். அவரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பச்சை மீன் கரையைத் தாண்டக் கூடாது. விட்டால் ஏரி மீன் அத்தனையும் கூடை கூடையாகச் செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்குப் போய்விடும் என்று பெரியவர்களுக்குப் பயம்.

மாமாவின் ஊர் இரண்டு மைல் தள்ளி. மாசி பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் அவர் தூண்டிலும் கையுமாக எங்கள் ஏரிக்கரைக்கு வந்து நிற்கத் தொடங்கினார். ஏரிக் காவல்காரர் அவர் அருகில் போய், "எந்த ஊட்டு விருந்தாளிங்க?" என்று கேட்பார். எங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கேட்பது அவர் வேலை. "இன்னும் ஒருத்தரும் சொல்லலீங்க" என்பார் மாமா. அதோடு சரி. நூலைப் பிரிக்காத தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பொழுது சாயும்வரை தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவார். தூண்டிலுக்கு வெயில் காட்ட வருகிறார் என்று கரையில் மாடு மேய்ப்பவர்கள் சிரித்தார்கள்.

நான் போனால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். "உங்கத்தை நல்லா இருக்கறாளா சாமி?" என்று கேட்பார். "எனக்குச் சடை போட்டுடறாங்க" என்று தலையைத் திருப்பிக் காட்டுவேன். அந்தச் சடையை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் சட்டென்று பேச்சை மாற்றி, தூண்டில் போட மட்டும் விட்டால் உன் கை நீளத்துக்கு ஒரு விரால் பிடித்துக் காட்டுகிறேன் பார் என்று பீற்றிக்கொள்வார். அந்த விரால் என் கனவிலெல்லாம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தை, கரையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்பாள். நான் ஒவ்வொருவராகச் சொல்லி, கடைசியில் மாமாவைச் சொல்லும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டாள்.

பங்குனிக் கடைசி ஞாயிறு வந்தது. அடுத்த வாரம் வலை இறங்குகிறது. அதற்குப் பிறகு புதுத் தண்ணீர் வந்து நிறைகிறவரை ஏரியில் தூண்டிலுக்கு இடமில்லை. அன்று காலை காவல்காரர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். அப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கரையில ஒருத்தரு நிக்கறாருங்க. தூண்டிக்கு இன்னைக்குத்தான் கடைசி. எந்த ஊட்டு விருந்தாளின்னு ஆராச்சும் சொல்லோணுமுங்க."

அப்பா அடுத்த புரியை எடுத்துச் சேர்த்தார். உள்ளே அத்தை மாவாட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. மூன்று தரம் கேட்பது முறை. இரண்டாம் தரமும் கேட்டார். அப்பா கையில் கயிறுதான் நீண்டது. மூன்றாம் தரம் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. என் விரால் போகிறதே!

"எங்க மாமனுங்க! எங்க ஊட்டு விருந்தாளிதானுங்க!"

கத்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இன்றைக்கு முதுகுத்தோல் உரியப் போகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காவல்காரர், "புள்ள சொல்லுதுங்களே..." என்று இழுத்தார்.

"காதுல உழுந்துதல்லொ? அப்பறம் ஏன் நிக்கறீங்க?" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமலே.

அப்பாவையே ஏமாற்றிவிட்டேன் என்ற பெருமையில் நான் ஏரிக்கு ஓடினேன். மாமா நூலைப் பிரித்தார். அவசரத்தில் புழுவைக் கோக்க இரண்டு தரம் தவறியது. மத்தியானம் வரை உட்கார்ந்தோம். விரால் வரவில்லை. நான்கு கெளுத்தியும் ஒரு கெண்டையும்தான் கிடைத்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமாவோ திமிங்கிலத்தைப் பிடித்தவர் மாதிரி கரை நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். "வாங்க மாப்ள" என்றார். தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னார். "வந்தனுங்க மச்சான்" என்று மாமா குனிந்தபடி உள்ளே வந்தார். அத்தை மீனை யாரிடமும் கொடுக்கவில்லை. சாம்பல் போட்டுத் தானே உரசிக் கழுவி, தானே குழம்பு வைத்தாள். அம்மா அடுப்புப் பக்கம் போனால், "நீங்க போங்க அண்ணி" என்று விரட்டினாள். அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பா இரண்டு தரம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் அத்தையைத் தேடி உள்ளே போனேன். அவளுடைய சேலைத் துணிகளெல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. வெளியே அப்பாவே வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. ஓடிப்போய் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தெருவே கூடும்படி அலறினேன்.

"நான் மீனுக்குத்தான சொன்னேன்! அத்தையக் கூட்டிட்டுப் போகச் சொல்லலியே!"

தெருவில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தையும் சிரித்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, "வாரேன் சாமி" என்றாள். பிறகு பல வருஷம் அவள் வந்தாள், போனாள், எல்லாம் விருந்தாளியாகத்தான். என் தலையை வாரிவிட அவளுக்கு அப்புறம் பொழுதே இருக்கவில்லை.

அன்று சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். மாமா ஓட்டிப்போன வண்டி மறைந்து வெகுநேரம் ஆகியும், மாடு கட்டுகிற முளைக்குச்சியருகே பாதையைப் பார்த்தபடி நின்றிருந்தார். அம்மா கூப்பிட்டும் வரவில்லை. தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாமாவை மீன் பிடிக்க விட்டதற்காக அவருக்கு என்மேல் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் அவர் பக்கமே போகவில்லை.