சுகத்துக்கு எந்தச் சொல்?

மார்க்கப் புத்தகம் தமிழாக்குகிறவளுக்கு மேலே இருப்பவன் அல்லாஹ் ஒருவன். இடையில் பேனையோடு நிற்பவர்களுக்குத்தான் எண்ணிக்கையில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு ஊராருக்கு எழுதிக் கொடுக்கும் சகோதரிகளே, உங்களுக்கு இது புதிதாக இராது.

முதல் வெட்டு

கல்முனை பஸாரில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஜியாரின் மனைவி சபீனாவுக்குக் கொழும்பில் நெஞ்சு ஒபரேஷன். ஆயுள் முழுக்க அரபியில் ஓதிய துஆக்களின் கருத்தை, மேசையில் படுக்குமுன் ஒருதரம் தமிழில் அறிய வேண்டும் என்று அவ கேட்டிருக்கிறா. நான் கொன்வென்ட்டில் படித்தவள் என்பதால் ஹாஜியார் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தோடு வந்தார். அச்சடித்து ஊருக்கும் கொடுப்பதாக ஏற்பாடு.

"யா அல்லாஹ், எனக்குச் சுகத்தைத் தா" என்று எழுதினேன். நகலை வாங்கிப்போனவர் மறுநாளே சுகத்தை வெட்டி 'ஷிஃபா' என்றும், நோயாளியை வெட்டி 'மரீழ்' என்றும் போட்டுக்கொண்டு வந்தார். சபீனாவுக்கு விளங்குமா என்று கேட்டேன்.

"விளங்கிறது பிறகு தங்கச்சி, முதல்ல பறக்கத்தப் பாருங்க. அரபுச் சொல்லிலதான் அருள் இருக்கு."

போர்த்துக்கேயர் உதவி

அடுத்து வந்தவர் ஹாஜியாரின் தம்பி, அட்டாளைச்சேனையில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற சேர். கதிரையில் இருந்து, மேசையில் தாளை விரித்து, பேனையைத் திறந்தார். போர்த்துக்கேயன் விட்டுப்போன அந்த மூன்று சொற்களின் உதவியோடு அந்நியச் சொற்களை ஒழிக்கும் வேலை தொடங்கியது.

துஆ 'வேண்டல்' ஆனது. சுகம் வடமொழியாம், அது 'நலமீட்பு' ஆனது. "வீட்டுக்கு வாற ஆக்களிட்ட 'நலமீட்பா இருக்கீங்களா' எண்டா சேர் கேப்பீங்க?" என்றேன்.

"அது கதைக்கிற தமிழ் தங்கச்சி. இது எழுதிற தமிழ்."

அறுநூறு வருஷம்

என் தங்கச்சியின் மகள் ஹஸ்னா கம்பஸில் இங்கிலீஷ் படிக்கிறாள். அவளுடைய நோட்டைப் புரட்டினால் இதே கூத்து. அறுநூறு வருஷத்துக்கு முந்தி கிறிஸ்தவ வேதத்தை இங்கிலீஷில் எழுதியவர்களில் சிலர், மீட்பரைத் 'திரும்ப வாங்குகிறவர்' என்று வீட்டுச் சொல்லிலேயே எழுதினார்களாம். லத்தீன் சொல் இருந்தால்தான் மரியாதை என்றது மற்றக் கூட்டம். கடைசியில் லத்தீன்தான் குந்திக்கொண்டது. வாசிக்கக் கேட்ட சனம் என்ன சொன்னது என்று ஹஸ்னாவிடம் கேட்டேன்.

"அவங்க ஒருத்தரும் நோட்டுல வரல்ல பெரியும்மா. சண்டை பிடிச்சவங்கதான் வாறாங்க."

வெள்ளிக்கிழமை

திங்கள் ஒபரேஷன். வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து அண்ணனும் தம்பியும் என் வீட்டு ஹோலில் மூன்று மணித்தியாலம் வாதாடினார்கள். ஐந்து தரம் தேத்தண்ணி போட்டேன். கடைசியில் 'ஷிஃபா எனும் நலமீட்பு' என்ற இடத்துக்கு வந்தார்கள். "சுகம் எண்டே விடுவமே" என்றேன். இரண்டு பேரும் ஒற்றுமையாகச் சொன்ன ஒரே பதில், "சரிவராது."

சபீனா பின்வாசலால், நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தா. நெஞ்சில் ஒரு கை. எவருடைய பேனையும் படாத என் முதல் தாளைக் கொடுத்தேன். கதவில் சாய்ந்து வாசித்தா. "எனக்குச் சுகத்தைத் தா" என்ற இடத்தில் நின்று, திரும்ப ஒருதரம் வாசித்து, முக்காட்டால் கண்ணைத் துடைத்தா. ஹோலில் சத்தம் ஏறியது. தாளை மடித்து பேக்கில் வைத்தா.

"அவங்க சண்டை பிடிக்கட்டும் ராத்தா. அல்லாஹ்வுக்கு எல்லாச் சொல்லும் தெரியும். எனக்கு இது ஒண்டுதான் தெரியும்."

சபீனா சுகமாகி வந்து பழையபடி ஹாஜியாரை ஏசுகிறா. புத்தகம்தான் இன்னும் அச்சகத்தில், எந்தச் சொல்லால் குணமாவது என்று தெரியாமல் படுத்துக் கிடக்கிறது.