ஐந்தடி என்று நான் வரைந்த அஸ்திவாரம்

1. நன்றி சொல்லி வந்த போன்

"மேடம், உங்க பிளான் ரொம்ப கிளியரா இருந்துச்சு. நம்ம வேலை சுலபா ஆயிடுச்சு. தேங்க்ஸ் மேடம்."

காலை பத்து மணிக்கு இப்படி ஒரு போன் வந்தால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். எனக்கு அப்படி இருக்கவில்லை. பேசியவர் எங்கள் வார்டு ஆபீஸின் அசிஸ்டென்ட் இன்ஜினியர் மஞ்சுநாத். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்கள் பகுதியான லிங்கராஜபுரத்துக்கு மாற்றலாகி வந்த இரண்டு வருஷத்தில் எங்களோடு பேசிப் பேசியே தமிழைப் பிடித்துக்கொண்டவர். நான் ஸ்டெல்லா. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து வீட்டு பிளான் வரைந்து, வார்டு ஆபீஸில் சாங்ஷன் வாங்கிக் கொடுக்கும் வேலையை முப்பது வருஷம் செய்தவள். சூப்பர்வைசர் லைசென்ஸ் என் பெயரில் இருந்தது. பிளான் தாளின் கீழ் மூலையில் என் சீலும் கையெழுத்தும் இருந்தால்தான் ஃபைல் நகரும்.

"எந்த பிளான் சார்?" என்று கேட்டேன்.

"அதான் மேடம், நம்ம காமாட்சி வீடு. அந்தச் சந்துல மழைத் தண்ணி போக புது டிரெய்ன் போடறோம் இல்லவா? நாலரை அடி தோண்டணும். அவங்க செவுரு ஒட்டியே லைன் போகுது. வீடு தாங்குமான்னு டவுட்டு இருந்துச்சு. ஃபைல் எடுத்துப் பாத்தேன். உங்க செக்ஷன்ல ஃபுட்டிங் அஞ்சடின்னு இருக்கு. அப்புறம் என்ன பயம்? மெஷின் விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டார். கையில் இருந்த டீயை எங்கே வைத்தேன் என்றுகூட ஞாபகம் இல்லை. காமாட்சி வீட்டு அஸ்திவாரம் ஐந்தடி கிடையாது. இரண்டடி. அது எனக்குத் தெரியும். குழியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே நாலரை அடி தோண்டினால் அதன் அடியில் மண் நிற்காது.

2. எல்லா வீட்டுக்கும் ஒரே செக்ஷன்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பிளான் தாளில் நாலைந்து படங்கள் இருக்கும். அதில் ஒன்று செக்ஷன். வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் படம். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பது அதில் மட்டும்தான் தெரியும்.

அதை யார் பார்த்தார்கள்? ஆபீஸில் ரோடு எத்தனை அடி, சுற்றிலும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, உயரம் எவ்வளவு, இவற்றைத்தான் பார்ப்பார்கள். செக்ஷன் பக்கம் ஒருத்தர் கண்ணும் போகாது. நான் தொழில் கற்றுக்கொண்ட இடத்தில் செக்ஷனை ஒரே ஒரு டிரேசிங் தாளில் வரைந்து வைத்திருந்தார்கள். எந்த வீடாக இருந்தாலும் அதை அடியில் வைத்து மேலே இழுத்துவிட வேண்டியது. முதல் வாரமே நான் முதலாளியிடம், "சார், இந்த வீட்டுக்கு நெஜமாவே அஞ்சடி தோண்டுவாங்களா?" என்று கேட்டேன்.

"செக்ஷன எவன்மா பாக்கறான்? எடம் காலியா இருந்தா அப்ஜெக்ஷன் போடுவான். ரொப்பி அனுப்பு" என்றார்.

ரொப்பினேன். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. இழுக்கிற வேலையும் மிச்சம், ஒரு காப்பி, ஒரு பேஸ்ட். மேட்டில் கட்டினாலும் பள்ளத்தில் கட்டினாலும் என் கையெழுத்துப் போட்ட வீடுகள் எல்லாவற்றுக்கும் காகிதத்தில் ஐந்தடி அஸ்திவாரம். நான் மட்டும் இல்லை, எங்கள் பக்கத்தில் பிளான் போட்டவர்கள் எல்லோரும் இப்படித்தான். அதற்காக என் தப்பு குறைந்துவிடாது.

காமாட்சி தொம்மலூரில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவள். இருபதடிக்கு முப்பதடி சைட், சின்ன மனை. அவள் வீட்டுக்குக் குழி தோண்டிய அன்று வேறு வேலையாக அந்தச் சந்து வழியாகப் போனவள், சும்மா எட்டிப் பார்த்தேன். இரண்டடியிலேயே கறுப்புக் களிமண். தண்ணீர் ஊறி நின்றது. எப்போதோ ஏரியாக இருந்த இடம்.

மேஸ்திரி பெருமாள் குழிக்குள் நின்றபடியே சொன்னார்: "இதுக்கு மேல தோண்டுனா தண்ணி எறைக்கவே ஆள் வெக்கணும் மேடம். அளவா ஒடச்ச சைஸ் கல்ல போட்டு ஏத்திடறேன். ஒரு மாடிக்கு இது போதும், பயப்படாதீங்க."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பிளானை மாற்ற வேண்டும், மாற்றினால் ஆபீஸில் கேள்வி வரும், காமாட்சிக்குத் தாமதமாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அஞ்சு வருஷம் கழித்து மேலே இன்னொரு மாடி ஏற்றினாள். அதற்கும் நான்தான் பிளான். அதிலும் அதே ஐந்தடி.

3. சந்தில்

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஜேசிபி இரண்டாவது வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. காமாட்சி வீடு ஐந்தாவது. முதல் நாலு வீடும் சுவருக்கும் சந்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுக் கட்டியவை. காமாட்சி வீட்டுச் சுவர் மட்டும் சந்தின் ஓரத்திலேயே நின்றது. சுவருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு நேராக ஓடியது. என் பிளானை நம்பிப் போட்ட கோடு.

வாசலில் நின்றிருந்த காமாட்சி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "வாக்கா! கரெக்டா வந்த. மகளுக்குக் கொழந்த பொறந்துக்கீது, பன்னெண்டு நாள் ஆவுது. பாத்துட்டுப் போ."

உள்ளே போனேன். சந்துப் பக்கச் சுவரை ஒட்டிக் கட்டில். அதில் அவள் மகளும் குழந்தையும். வெளியே மெஷின் மண்ணை அள்ளும்போதெல்லாம் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"கொழந்தைய முன் ரூமுக்கு மாத்தேன்" என்றேன்.

"ஏன்க்கா?"

"சத்தம் ஜாஸ்தியா இருக்கே."

அப்போதும் உண்மை வாயில் வரவில்லை. "அது இன்னா சத்தம் போட்டாலும் ஏந்திரிக்காது" என்று சிரித்தாள் காமாட்சி. கட்டில் நகரவில்லை.

வெளியே வந்து மஞ்சுநாத்தைப் பிடித்தேன். லைசென்ஸ் ரென்யூவலுக்கு நான் கொடுத்திருந்த விண்ணப்பம் அவர் மேஜை மேலே இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன்.

"சார், இங்க மண்ணு சரியில்ல. ஏரி மண்ணு. கொஞ்சம் நிறுத்தலாமா?"

"தெரியும் மேடம். அதுக்குத்தானே ஃபுட்டிங் பாத்தேன்?"

"செவுருக்கு முட்டு குடுத்துட்டு தோண்டினா..."

"எஸ்டிமேட்ல அது இல்ல."

"ஒரு ஓரமா கையால சின்னக் குழி தோண்டிப் பாத்துட்டு..."

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "மேடம், போன மழையில இந்தச் சந்துல முழங்கால் தண்ணி. ஜனங்க தினமும் ஆபீஸ் முன்னால வந்து நிக்கறாங்க. மூணு மணிக்கு கான்கிரீட் வண்டி வருது. பிளான் போட்டதே நீங்க. நீங்களே டவுட்டு பட்டா எப்படி?"

ஒதுங்கி நின்றேன். சுவர் நிற்கும், எத்தனை பழைய சுவர் இப்படி நின்றிருக்கிறது என்று நினைத்தேன். காமாட்சியிடம் ஏதாவது சாக்குச் சொல்லி எல்லோரையும் வெளியே கூட்டிவந்துவிட்டால் போதுமே, லைசென்ஸும் தப்பிக்குமே என்றும் நினைத்தேன். ஆமாம், அதையும்தான் நினைத்தேன். மெஷின் மூன்றாவது வீட்டை முடிக்கும்வரை மரம் மாதிரி நின்றேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

நாலாவது வீட்டு வாசற்படிக்கு அடியில் இருந்த மண் திடீரென்று தொப்பென்று சரிந்து பள்ளத்தில் விழுந்தது. படி அந்தரத்தில் தொங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆபரேட்டர் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த அள்ளலுக்கு மெஷினின் கையை நீட்டினார்.

"சார், நிறுத்துங்க! அது அஞ்சடி இல்ல, ரெண்டடி! நான் பாத்தேன்!"

மெஷின் சத்தத்தில் மஞ்சுநாத்துக்குக் கேட்கவில்லை. காதருகே கையை வைத்துக்கொண்டு "ஏனு? ஏனு மேடம்?" என்று கன்னடத்திலேயே கேட்டார். நான் கத்துவதைப் பார்த்த ஆபரேட்டர் என்ன ஏதென்று இன்ஜினை அணைத்தார். அதனால் இரண்டாம் தடவை நான் சொன்னது சந்து முழுக்கக் கேட்டது.

"காமாட்சி வீட்டு அஸ்திவாரம் ரெண்டடிதான் சார். தெரிஞ்சேதான் அஞ்சடின்னு போட்டேன்."

மஞ்சுநாத் பள்ளத்தைத் தாண்டி என்னிடம் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "எழுதிக் குடுங்க மேடம்" என்றார். "வாயால சொன்னா நான் வேலைய நிறுத்த முடியாது. மேல இருந்து என்னைக் கேப்பாங்க."

ஜீப்பின் மேல் தாளை வைத்து எழுதினேன். என் பெயரையே தப்பாக எழுதி அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. அவர் படித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு இரண்டு ஆட்களை விட்டு, காமாட்சி வீட்டுச் சுவரோரம் கையால் ஒரு குழி தோண்டச் சொன்னார். ஒன்றரை அடிவரை கடப்பாரை கல்லில் பட்டு டங் டங்கென்றது. இரண்டடியில் சத்தம் நின்றுவிட்டது. கடப்பாரை வெண்ணெயில் இறங்குவது போல உள்ளே போனது. கறுப்புத் தண்ணீர் ஊறியது. மஞ்சுநாத் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார். "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார்.

காமாட்சி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். "நீ தெரிஞ்சேதான் போட்டியாக்கா?" என்று கேட்டாள்.

"பெருமாள் ரெண்டடி போதும்னாரு காமாட்சி..."

"அந்தாள வுடு. மாடி ஏத்தும்போது நான் உன்னியத்தான கேட்டேன், தாங்குமாக்கான்னு. நீ இன்னா சொன்ன?"

தாராளமாகத் தாங்கும் என்று சொல்லியிருந்தேன். அவளுக்கும் அது நினைவில் இருந்தது. என் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்து எதிர் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். நான் பள்ளத்து ஓரத்திலேயே நின்றேன். அழுகை வந்தது. யாரும் என்னைத் தேற்ற வரவில்லை, வந்திருக்கவும் கூடாது.

4. மற்ற வீடுகள்

வீடு நின்றது. சுவருக்கு முட்டுக் கொடுத்து, ஐந்தடி நீளத் துண்டுகளாகத் தோண்டி, ஒவ்வொரு துண்டையும் கான்கிரீட்டால் மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார்கள். என் லைசென்ஸை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். நான் எதிர்பார்க்காதது, காமாட்சிக்கும் நோட்டீஸ் போனதுதான். பிளான்படி கட்டவில்லை, வீடு உறுதியாக இருக்கிறது என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் சர்டிபிகேட் வாங்கி வா என்று. நான் உண்மையைச் சொன்னதற்கு அவள் லீவு போட்டு அலைந்தாள். ஒவ்வொரு தடவையும் கூடவே போனேன். வராதே என்று அவள் சொல்லவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொள்வாள்.

அடுத்த வாரம் மஞ்சுநாத் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மேஜை மேலே டிரெய்ன் வேலை நடக்கவிருந்த தெருக்களின் மேப்.

"இன்னும் நாலு கிராஸ் தெரு தோண்டணும் மேடம். இதுல உங்க செக்ஷன் எத்தனை வீட்டுக்கு?"

பென்சிலை வாங்கி வட்டம் போட ஆரம்பித்தேன். முதல் தெருவிலேயே பதினொன்று. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே வந்து சொல்லுங்க" என்றார். "நான் போய்ச் சொன்னா, இன்ஜினியர் எதுக்கோ அடி போடறான்னு நெனப்பாங்க."

போனேன். ஒரு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். ஒரு வீட்டில் பாதியிலேயே கதவைச் சாத்தினார்கள். "இத்தன வருஷம் இல்லாம இப்ப ஏன் வந்து சொல்ற?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்த கதவைத் தட்டினேன்.

பிளான் போடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு பழைய செக்ஷன் இருக்கும், எனக்குத் தெரியும். அதைத் திறக்காதீர்கள். குழி தோண்டும் அன்று சைட்டுக்குப் போய், சகதியில் நின்று, டேப்பை இறக்கி அளந்து வந்து போடுங்கள். மாடி ஏற்றும்போது மறுபடியும் போய்ப் பாருங்கள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துப் போடும் கோட்டை என்றைக்காவது ஒருத்தர் நம்பிப் பார்ப்பார்.

ஏழாவது வீடு ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவருடையது. மேல் மாடியில் மகன் குடும்பம். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரிம்மா. எங்க வீடு பரவால்லதானே?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்குவார். எனக்கும் அடுத்த வீட்டுக்குப் போக வழி கிடைக்கும்.

"தெரியல சார்" என்றேன். "தோண்டிப் பாத்தாதான் தெரியும்."

அவர் முகம் வெளுத்தது. எழுந்து மேலே பார்த்து, "டேய், எல்லாரும் கொஞ்சம் கீழ வாங்க" என்று குரல் கொடுத்தார். பின்பக்கம் போய்க் கடப்பாரையோடு வந்தார். நான் இடம் காட்டினேன். அவரும் மகனும் மாறி மாறித் தோண்டினார்கள். இரண்டடியில் கல். மூன்றடியிலும் கல். மருமகள் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். மூன்றரையில் கல் முடிந்தது. கெட்டிச் செம்மண்.

டேப்பை இறக்கி இரண்டு தடவை அளந்தேன். மூன்றரை அடி என்று நோட்டில் எழுதினேன். முப்பது வருஷத் தொழிலில் நான் அளந்து எழுதிய முதல் அஸ்திவாரம் அது.