பனியன் துணியில் ஒரு போர்விமானம்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு போர்விமானம் குடியிருந்த வருடம் நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. வால் டிவிக்கு முன்னால், மூக்கு பூஜை அறை வாசலில். றெக்கை தனியாக டைனிங் டேபிளின் மேல் கிடந்தது. டேபிளைவிட அது நீளம் என்பதால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும், சமையலறைக்குப் போகிற எல்லோரும் குனிந்துதான் போக வேண்டும். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பாட்டில் மரத்தூள் கிடந்தால் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடக் கற்றுக்கொண்டோம்.

இரண்டாம் உலகப்போரில் பறந்த சண்டை விமானமாம். அதை அளவு குறைத்து, ரிமோட்டில் பறக்கிற மாதிரி அப்பா செய்துகொண்டிருந்தார். அளவு குறைத்ததே இந்த லட்சணம் என்றால் நிஜ விமானம் எப்படி இருந்திருக்குமோ, அதைச் செய்தவன் வீட்டில் என்ன பாடுபட்டார்களோ என்று எனக்குத் தோன்றும். கட்டை எல்லாம் கோயமுத்தூரிலிருந்து வந்தது. என்ஜின் மட்டும் எங்கள் பொங்கலூர்த் தோட்டத்தில் மருந்தடிக்கிற மெஷினிலிருந்து கழற்றியது. அதை ஒருநாள் ஹாலிலேயே ஓட்டிப் பார்த்தார். பூஜை அறையில் இருந்த விபூதி பூராவும் எழுந்து எங்கள் மேல் இறங்கியது.

"ஏனுங்க, இது ஊடா, ஏர்போர்ட்டா? ஒண்ணு சொல்லிப்போடுங்க, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயர்றேன்" என்று அம்மா கத்தினாள்.

"இந்தா ஆச்சு, ஆச்சு" என்றார் அப்பா. அந்த 'ஆச்சு'வைத் தைப்பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மாரியம்மன் நோன்பு வந்தபோதும் அதையேதான் சொன்னார்.

ஒரு மனுஷன் வேலைக்குப் போகாமல் இப்படி விமானம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் பெரியப்பா. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் அவருடைய அண்ணனும் சேர்ந்துதான் பனியன் கம்பெனி நடத்தினார்கள். மெஷினில் நூலைப் பின்னித் துணி ஓட்டுவது பெரியப்பா பொறுப்பு, வெட்டுவது அப்பா பொறுப்பு. பெரியப்பாவுக்குக் குறை என்று ஒன்று கண்ணில் பட்டால் வாய் சும்மா இருக்காது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சட்டையை மடித்துத் தையலைப் பார்ப்பார். "இது எங்க தெச்சதுங்க? ஊசி விட்டுருக்குது பாருங்க" என்பார். முன்பின் தெரியாதவர் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. பெரியம்மா இலையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வாள்.

அந்த வருடம் பாரினுக்குப் போக வேண்டிய குழந்தைச் சட்டை லாட் ஒன்று மொத்தமாக ரிஜெக்ட் ஆனது. துவைத்தால் முறுக்கிக்கொண்டது. பக்கத் தையல் சுற்றிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிட்டது. பனியன் துணிக்கு அந்தக் குணம் உண்டு. உருளையில் இறுக்கிச் சுற்றி வருகிற துணியை அவிழ்த்து, ஒருநாள் முழுக்க அப்படியே விரித்துப் போட்டு வைக்க வேண்டும். ஆறப்போடுவது என்போம். ஆறாத துணியை வெட்டித் தைத்தால் தண்ணீர் பட்டதும் அது தன் வழிக்குத் திரும்பிக்கொள்ளும். எங்கள் ஊரில் இது குழந்தைக்குக்கூடத் தெரியும். நாங்கள் எல்லோரும் ரிஜெக்ட் பனியன் போட்டு வளர்ந்தவர்கள்தானே.

கட்டிங் செக்‌ஷனில் அத்தனை ஆட்களுக்கு முன்னால் பெரியப்பா கேட்டிருக்கிறார், துணியை ஆறப்போட்டாயா என்று. போட்டேன், ஓட்டியதில்தான் கோளாறு என்று அப்பா சொல்லியிருக்கிறார். உனக்குத் துணியே தெரியாது என்று பெரியப்பா சொல்ல, அப்பா கத்தரியை மேஜை மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு. அது சாத்தி நான் பார்த்ததே இல்லை. அன்று சாயந்திரம் அம்மா எங்கள் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அந்தப் பக்கத்திலும் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

எனக்குத்தான் அதிகக் கஷ்டம். பெரியப்பா மகள், எனக்கு அக்கா, நான் போகிற அதே ஸ்கூல் பஸ்ஸில் வருவாள். பஸ்ஸில் தினமும் எங்களுக்குள் ஒரு கோர்ட் நடந்தது.

"உங்கப்பா ஆறப்போடாம வெட்டிட்டாராமா."

"எங்கப்பா ஆறப்போட்டுத்தான் வெட்டுனாரு. உங்கப்பாவுக்குத்தான் ஓட்டத் தெரியல."

இதைப் பல்லடம் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு போவேன். விமானம் கட்ட ஆரம்பித்த பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எங்கப்பா கட்டுகிற விமானம் பறக்கும், அப்போது தெரியும் யாருக்கு என்ன தெரியும் என்று. பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். ஆகவே அந்தச் சனியன் பிடித்த விமானம் பறந்தாக வேண்டும். அதற்காகத்தான் மரத்தூளைச் சகித்துக்கொண்டேன், பள்ளிக்கூடம் விட்டு வந்து பசை பூசினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கைரேகையே போயிற்று.

கடைசியில் றெக்கைக்குத் துணி ஒட்டுகிற நாள் வந்தது. கட்டைகளோடு அதற்கென்றே ஒரு வெள்ளைத் துணியும் வந்திருந்தது. தறியில் நெய்த துணி, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. உறையின் மேல் றெக்கைப் படமே போட்டிருந்தது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு எழுந்து போய் அம்மாவிடம் கொடுத்தார்.

"வடகம் போடத் துணி இல்லைன்னயே, இந்தா."

"றெக்கப் படம் போட்டிருக்குதுங்களே?" என்றாள் அம்மா.

"நம்மூர்ல இல்லாத துணியா?" என்று சொல்லிவிட்டு, பரண் மேலிருந்து ஒரு பனியன் துணி உருளையை இறக்கினார். அதே ரிஜெக்ட் லாட்டின் மிச்சத் துணி, வெளிர்நீலம். இறக்கிய கையோடு அவிழ்த்து, டேபிள் மேலேயே வெட்ட ஆரம்பித்தார்.

எனக்குப் பதறியது. "ஏனுங்ப்பா, ஆறப்போட வேண்டாமுங்களா? தண்ணி பட்டா முறுக்கிக்கும்லீங்?"

"நீ பசையப் புடி கண்ணு."

"முறுக்கிக்கும்ங்ப்பா!"

"புடிங்கறன்ல."

பிடித்தேன். துணியை ஒட்டி, தண்ணீர் தெளித்து, அதன் மேல் நெயில் பாலிஷ் வாசனை அடிக்கும் ஒரு மருந்தைப் பூசினார். துணி காய்ந்து விறைத்தது. மறுநாள் ஸ்கூல் விட்டு வந்து பார்த்தால், நான் சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. ஒரு பக்கத்து றெக்கையின் முன்விளிம்பு லேசாக மேலே ஏறி, மறுபக்கத்தில் கீழே இறங்கியிருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் நன்றாகவே தெரிந்தது. அப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை. நான் காட்டினேன். "பாத்துக்கலாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்கூல் பையைத் தூக்கி எறிந்தேன், அது போய் விமானத்தின் வாலில் பட்டு, அதற்கும் அம்மாவிடம் நான்தான் திட்டு வாங்கினேன்.

பறக்கவிட இடம் பொங்கலூர்த் தோட்டம். சோளம் அறுத்த காடு சும்மா கிடந்தது. தோட்டம் இன்னும் இரண்டு வீட்டுக்கும் பொது, அதை மட்டும் யாரும் பிரித்துப் பேசவில்லை. சின்ன வயதில் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்புகிற விமானங்களைப் பார்த்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் அந்தக் காட்டில்தான் ஓடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா கிணற்று மோட்டார் பார்க்க அங்கே வருவார் என்பது ஊருக்கே தெரியும். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையைத்தான் தேர்ந்தெடுத்தார். வேறு நாளே கிடைக்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, "உனக்கு அன்னைக்குத்தான லீவு?" என்றார். சனிக்கிழமையும் லீவுதான்.

டெம்போவில் விமானத்தை ஏற்றிக்கொண்டு போனோம். மோட்டார் ரூம் பக்கத்தில் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கூட அக்கா. நாங்கள் வந்ததையே பார்க்காத மாதிரி பெரியப்பா தென்னை மட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் வெளிப்படையாகப் பார்த்தாள். நான் பிள்ளையாரிலிருந்து மாகாளியம்மன் வரை வரிசையாக வேண்டிக்கொண்டேன். பஸ்ஸில் முகம் காட்ட வேண்டுமே!

என்ஜினைக் கிளப்பினார் அப்பா. மருந்தடிக்கிற அதே சத்தம். விமானம் காட்டில் குதித்துக் குதித்து ஓடியது. ஓடி, ஐயோ, எழும்பிவிட்டது! நிஜமாகவே எழும்பியது. தென்னை மரத்தில் பாதி உயரம் போனது. நான் கத்திக் குதித்தேன். அக்காவும் பகையை மறந்து கை தட்டியதைப் பார்த்தேன்.

அப்புறம் அது மெதுவாக ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. அப்பா ரிமோட்டைத் திருகினார். இன்னும் சாய்ந்தது. உடம்பைச் சரிக்கிற எருமை மாதிரி ஒருக்களித்து, ஒரு பெரிய அரைவட்டம் போட்டு, நேராகச் சோளத்தட்டுப் போரில் போய்க் குத்தியது. தட்டுப்போர் மெத்தென்று இருந்ததால் விமானம் உடையவில்லை. றெக்கை மட்டும் கழன்று கீழே விழுந்தது.

அப்பா ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். ஓடிப்போய் அதை எடுக்க வேண்டாமா? நின்றார்.

பெரியப்பாதான் போனார். முதலில் நடந்தார், பாதியில் வேகமாக நடந்தார். குனிந்து றெக்கையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தார். பெருவிரலால் துணியை நீவினார். அவ்வளவுதான், வாய் திறந்துவிட்டது.

"ஏண்டா, பனியன் துணியக் கொண்டுபோயி எவனாச்சும் றெக்கைக்கு ஒட்டுவானா? உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"இல்லீங்ண்ணா" என்றார் அப்பா.

"துணிய ஆறப்போட்டியா?"

"போடலீங்ண்ணா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா நிறுத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கும் போடலீங்ண்ணா. அவசரத்துல நான்தான் அப்படியே வெட்டிட்டேன். நீங்க ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்லீங்."

அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள். டெம்போக்காரர் நிற்கிறார். அத்தனை மாதம் பல்லடம் ரோடு முழுக்க நான் நடத்திய கேஸை இந்த மனுஷன் ஒரே வாயில் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டார். பெரியப்பா அதைக் கேட்கவேகூட இல்லையே! றெக்கையைப் பற்றித்தானே கேட்டார்!

பெரியப்பா கொஞ்ச நேரம் றெக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார், "றெக்கைக்குன்னு துணி ஒண்ணும் வர்லியா?"

"வந்துதுங்ண்ணா. வடகம் போடக் குடுத்துட்டேன்."

பெரியப்பா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். குறை பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும், இது அது இல்லை. ஏதோ திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செரி, அந்தப் பக்கம் புடி" என்றார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையாக றெக்கையைத் தூக்கிக்கொண்டு டெம்போவுக்கு நடந்தார்கள். "ஒட்டுனதாச்சும் ஒழுங்கா ஒட்டுனியா, பசை பூரா வெளிய வந்துருக்குது" என்று பெரியப்பா வழி நெடுகக் குறை சொல்லிக்கொண்டு போனார். அப்பா எல்லாவற்றுக்கும் "ஆமாங்ண்ணா, ஆமாங்ண்ணா" என்றார். அந்தப் பசை பூசியது நான்.

அக்கா என் பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த ஆளுக்கு ரோஷமே கிடையாதா, தோற்றதுதான் தோற்றார், கௌரவமாகவாவது தோற்கக் கூடாதா என்று டெம்போவில் வீடு வருகிற வரைக்கும் பொருமிக்கொண்டு வந்தேன். அப்பாவோ டிரைவருடன் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தார்.

சாயந்திரம் பெரியம்மா பின்கதவைத் தட்டினாள். அம்மா தாழ்ப்பாளைத் திறந்தாள். இரண்டு பேரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி. மறுநாள் அப்பா கம்பெனிக்குப் போனார். டைனிங் டேபிள் திரும்பக் கிடைத்தது. எனக்கு மட்டும் ஆறவில்லை.

அந்த வாரமே அம்மா மொட்டை மாடியிலிருந்து வடகத்தை எடுத்து, உரிக்காமல், றெக்கைக்கென்று வந்த அந்த வெள்ளைத் துணியோடேயே மூட்டையாகச் சுருட்டினாள். "பெரியம்மா ஊட்டுல குடுத்துட்டு வா கண்ணு" என்றாள். என்னால் முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. தோற்ற மனுஷனின் மகள் என்று எல்லோருக்கும் தெரிந்த முகத்தோடு, திறந்து கிடந்த கதவு வழியாகப் போனேன். வாசல் கல்லில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். மூட்டையை வாங்கி, வடகத்தைப் பார்க்காமல் துணியின் ஓரத்தைத்தான் விரலால் தடவிப் பார்த்தார். அத்தனை வெயிலிலும் கஞ்சி ஈரத்திலும் கிடந்த துணி, ஒரு இழை கோணவில்லை. "நல்ல துணி" என்று சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்தார்.

வடகத்தைக் கொடுத்தால் துணியைப் பாராட்டுகிறாரே, இந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்குமே கூறு கிடையாது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.