விலை சொல்லாத புருல்கான் அக்கா

எவ்வளவு என்று கேட்டால் புருல்கான் அக்கா ஏன் மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்? பள்ளிப் படிப்பு முடிந்து அவருக்கு உதவியாகப் போயிருந்த அந்தக் கோடையில் எனக்கு விடை தெரியவில்லை.

கிர்கிஸ்தானின் சூசமிர் புல்வெளியில், ஓஷ் நெடுஞ்சாலையோரம் அக்காவின் கூடாரம். விடிந்ததும் குதிரைக்குட்டிகளை ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டுவார். குட்டியைத் தேடித் தாய் தானே வரும். முதல் வாய் குட்டிக்கு, அப்புறம்தான் அக்காவின் வாளி. கறந்த பாலைப் புகையூட்டிய தோல்பையில் ஊற்றிக் கடைந்து புளிக்கவைத்தால் கிமிஸ். கடையும்போது மத்தோடு பேச்சு நடக்கும்: "தூங்காதடி, லாரிக்காரங்க மலை இறங்கிட்டாங்க."

சோவியத் கூட்டுப்பண்ணைக் காலத்தில் அக்கா கறந்ததெல்லாம் அரசாங்க வண்டியில் ஏறிப்போனது. மாஸ்கோ சொன்ன அளவுக்கு மேலேயே கறந்தார் என்று ஒரு பதக்கம் குத்திவிட்டார்கள். நாடு தனியானதும் பண்ணை கலைந்தது, சம்பளம் நின்றது, பங்குக்கு இரண்டு குதிரைகள் வந்தன. அவை பெருகின. விற்க வேறெதுவும் இல்லை. ஆனால் கிர்கிஸ் வீட்டில் பாலை விற்பதில்லை, வந்தவருக்கு ஊற்றுவார்கள். அதனால் மேசை ஓரத்தில் ஒரு தட்டைக் கல்லை வைத்தார். குடித்தவர்கள் நோட்டை அதன் அடியில் செருகுவார்கள். செருகாமல் போகிறவனுக்கும், "வழி நல்லா இருக்கட்டும், தம்பி."

மகன் மெதெருக்குப் பேசிய பெண்ணின் அப்பா குபாத்துக்கு இது ஒப்பவில்லை. கரி லாரி ஓட்டுகிறவர். பால் விற்கிற வீட்டில் பெண் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பினார். மெதெர் கல்லைத் தூக்கி ஆற்றில் எறியப் போனான்.

"கல்லு போனா நீ ருஷ்யாவுக்குக் கூலிக்குப் போவே," என்றார் அக்கா. "வைடா அதை."

ஒரு மத்தியானம் இன்ஜின் கொதித்துப்போய்க் குபாத்தின் லாரியே கூடாரத்தின் முன் நின்றது. ஆள் யாரென்று தெரிந்தும் அக்கா கிண்ணத்தை நிரப்பி நீட்டினார். குடித்து முடித்த குபாத், மற்ற ஓட்டுநர்களுக்கும் கேட்கிற மாதிரி, "எவ்வளவு?" என்றார்.

அக்கா மலையைப் பார்த்தார். "குட்டி குடிச்சது போக மிச்சந்தான், அண்ணே."

"எடை போட்டு விக்க அது என்ன உங்க கரியா?" என்றான் ஒரு ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள்.

குபாத் மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்ஜின் ஆறும்வரை வருவோர் போவோரைப் பார்த்தார். கையில் காசில்லாத ஒருவனுக்கு அக்கா இரண்டாம் கிண்ணம் ஊற்றியதையும் பார்த்தார். கிளம்பும்போது நோட்டை எடுத்துக் கல்லைத் தூக்கினார். கூடார வாசலில் நின்ற மெதெர் அந்தக் கல்லையே பார்த்தான். உறவுக்காரர் காசு வைக்க மாட்டார். வைத்துவிட்டால் கல்யாணப் பேச்சு முடிந்தது.

குபாத் கல்லை மெல்ல இறக்கினார். நோட்டு சட்டைப்பைக்கே திரும்பியது. மறுபடி உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, சம்பந்தியம்மா."

இந்தத் தடவை அக்கா மலையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியே கிண்ணம் வழிய ஊற்றினார்.

அந்தச் சாலையில் போகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்: விலை கேட்க வேண்டாம், மேசை ஓரத்தில் ஒரு கல் இருக்கிறது.